கொள்ளையூரான் சொன்ன ஒரே பொய்

உப்பு மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் கடற்கரையிலிருந்து மலைநாட்டுக்குப் போய்வந்த காலம் அது. சொல்பவன் எந்த ஊர் என்று விசாரிக்காமல் கதையைக் கேளுங்கள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் கொள்ளையூர் என்றொரு சிற்றூர் இருந்தது. எந்தக் காலத்திலோ எவனோ அங்கே வழிப்பறி செய்தான். அவன் செத்து மண்ணாகிவிட்டான். ஊருக்கு வந்த பெயர் மட்டும் போகவில்லை. அந்த ஊரில் சேந்தன் என்பவன் ஆடு மேய்த்துப் பிழைத்தான்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் இடப்பக்கப் பாதை கடக்கும் ஆற்றின் மணல் புதைமணலாகிவிட்டது. பார்த்தால் காய்ந்த மணல்; இறங்கினால் ஆளையே விழுங்கும். வலப்பக்கம் காட்டு வழி. இருட்டுதான், ஆனால் ஆபத்தில்லை.

முதல் கூட்டம் வந்தது. “ஆத்துப் பக்கம் போகாதீங்க, புதைமணல். காட்டு வழியா போங்க” என்றான் சேந்தன்.

“நீ எந்த ஊரு?” என்றார்கள். சொன்னான். காட்டுக்குள் இவன் ஆட்கள் பதுங்கியிருப்பார்கள் என்று நினைத்து அவர்கள் ஆற்றில் இறங்கினார்கள். ஒருவரும் கரையேறவில்லை.

இரண்டாம் கூட்டம் வந்தது. சேந்தன் வண்டியை மறித்துக் காலில் விழுந்தான். சாட்டையால் அடித்துத் தள்ளிவிட்டு அவர்களும் ஆற்றுக்கே போனார்கள். முறைக்காதீர்கள், நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

மூன்றாவதாக ஆதன் என்ற வணிகர் மனைவி பிள்ளைகளோடு வந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் சேந்தன் வண்டியை நோக்கி ஓடினான். பிறந்தது முதல் சொல்லாத பொய்யை அன்று சொன்னான்.

“காட்டுப் பக்கம் போகாதீங்க ஐயா. ஆத்து வழிதான் நல்லது.”

ஆதனும் ஊரைக் கேட்டார்; கொள்ளையூரான் பேச்சுக்கு நேர்மாறாகப் போவதே நல்லது என்று தனக்குள் சிரித்துக்கொண்டு காட்டு வழியே போய்ப் பத்திரமாகச் சேர்ந்தார். புதைமணல் சேதி காதுக்கு எட்டியதும் கொள்ளையூரான் தன்னைச் சாகடிக்கப் பார்த்தான் என்று அரசனிடம் ஓடி முறையிட்டார். சேந்தனைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

“பொய் சொன்னாயா?” என்றான் அரசன்.

“சொன்னேன் சாமி. அதுக்கு முன்னால ரெண்டு கூட்டத்துக்கிட்ட நெசத்தைத்தான் சொன்னேன். நெசத்துக்குச் சாட்சி மணலுக்குள்ள கிடக்கு. பொய்க்குச் சாட்சி இதோ, பெண்டு பிள்ளையோட உசிரோட நிக்குது.”

ஆதனுக்கு முகம் வெளுத்தது. “இவரு நெசத்தைச் சொல்லியிருந்தா நானும் மணல்லதான் இறங்கியிருப்பேன் ராசா. விட்டுடுங்க” என்றார்.

கட்டை அவிழ்க்கச் சொன்னான் அரசன். ஆனாலும் வாசல் காவலன் சேந்தனின் மடியைத் தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டான்.

ஒருவனை அவன்மேல் ஒட்டிய பெயரை வைத்தே எடைபோட்டால், நல்லவனுக்கும் உண்மை பேச வழியில்லாமல் போகும்.