பூசாலங்குறிச்சியின் சூடேறாத கார்டு

பூசாலங்குறிச்சிக்காரர்களைப் பற்றி நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்ல மாட்டேன். பெண் எடுத்த ஊர். தீபாவளிக்கு அங்கேதான் போய்ச் சாப்பிட வேண்டும். அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் ஏதாவது கோளாறு தெரிந்தால் அது நடந்ததன் கோளாறு, என்னுடையது இல்லை.

அந்த ஊரில் துரைச்சிங்கம் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. துரைச்சிங்கம், சீனிப்பாண்டி, எசக்கிமுத்து, லாரன்ஸ் என்று நாலு சிநேகிதர்கள் சேர்ந்து வாங்கியது. நாலு பேருக்கும் கல்யாணமாகி, மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் அந்த அறையில் உட்கார்ந்து கார் ரேஸ் விளையாடாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

நாலு பேர் சேர்ந்து வாங்கியதை நாலு பேரும்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். ஆகவே கீபோர்டில் ஆளுக்கு ஒரு பட்டன். துரைச்சிங்கத்துக்கு வேகம். சீனிப்பாண்டிக்கு இடது பக்கம், எசக்கிமுத்துவுக்கு வலது பக்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற லாரன்ஸுக்கு பிரேக். லாரன்ஸ் நேர்மையான மனுஷர். தன் பங்கை விட்டுக்கொடுக்க மாட்டார். மற்றவர்கள் இவ்வளவு அழுத்துகிறார்களே, நாம் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று நேர்ச்சாலையில் திடீரென்று ஒரு அழுத்து அழுத்திவிடுவார்.

இப்படி ஓட்டி, நெட்டில் நடக்கும் போட்டியில் வருஷா வருஷம் பக்கத்து ஊர் மேலக்கரைப் பையன்களிடம் தோற்றார்கள். ஏன் தோற்கிறோம் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்து, கம்ப்யூட்டர் பழசு என்று கண்டுபிடித்தார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. படம் விட்டு விட்டுத்தான் வரும். வளைவு வருகிறது என்று தெரிவதற்குள் கார் வாய்க்காலில் கிடக்கும்.

இந்த வருஷம் தோற்க முடியாத நிலைமை. துரைச்சிங்கத்தின் மனைவி செண்பகவல்லி இட்லி மாவு வியாபாரம் தொடங்குவதற்குப் பெரிய கிரைண்டர் ஒன்று வாங்கி, வைக்க இடமில்லாமல், முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தாள். அவள் கண் முன்னறை மேல் இருந்தது.

“வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸ்ல ஜெயிச்சிட்டீங்கன்னா, அந்த ரூம் பக்கம் நான் தலைவச்சும் படுக்க மாட்டேன். தோத்தீங்கன்னா அன்னைக்கு சாயங்காலமே கிரைண்டர் உள்ள வந்துரும். சம்மதமா?” என்று கேட்டாள்.

சம்மதம் என்று சொல்லிவிட்டு துரைச்சிங்கம் கொல்லைப்பக்கம் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அந்த அறை போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது, பாவம்.

நாலு பேரும் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, மைதீன் பாய் கடையில் புது கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினார்கள். திரையில் படத்தை வரைவது அந்தக் கார்டுதான். பாய் பொறுமைசாலி. கார்டைத் தொடும் முன்னால் ஏதாவது இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்கிவிடும் என்றார். பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதுசை மாட்டி, திரையின் கேபிளை அதன் பின்னால் சொருகச் சொன்னார்.

கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக அதை ஓட வைக்கலாம், அதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பேர் என்றும் சொன்னார். திரையில் ஒரு கோடு வரும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த வேண்டும். நகர்த்த நகர்த்தக் கார்டு சூடாகும். எவ்வளவு சூடு என்று மூலையில் ஒரு எண் காட்டும். சூடு ஏறினால் கார்டின் அடியில் உள்ள ரெண்டு ஃபேனும் தானாகச் சுற்றும்.

“எண்பதை மட்டும் தாண்ட விடாதீங்க தம்பிகளா. சூடுதான் இதுக்கு எமன்,” என்றார் பாய்.

நாலு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் பூசாலங்குறிச்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

வீட்டுக்கு வந்ததும் எந்த இரும்பைத் தொடுவது என்று விவாதம் வந்தது. கரண்டி எவர்சில்வர், சேராது. அரிவாள் இரும்புதான், ஆனால் நல்ல காரியத்துக்கு அரிவாளைத் தொடுவதா? கடைசியில், வீட்டிலேயே பெரிய இரும்பு வெளிக்கேட்டுதான் என்று முடிவானது. கேட்டைத் தொட்டுவிட்டு உள்ளே வருவதற்குள் வழியில் கரண்ட் மறுபடி ஏறிவிட்டால் என்ன செய்வது என்று எசக்கிமுத்து கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே கேட்டையே கழற்றி நாலு பேரும் தூக்கி அறைக்குள் கொண்டுவந்து சாத்தினார்கள். இவ்வளவு பேச்சும் அவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள் என்பதை நான் சொல்லாமல் விடக் கூடாது.

கேட்டு இல்லாத வாசல் வழியாக ஏழெட்டு ஆடுகள் உள்ளே வந்து, செண்பகவல்லி காயப்போட்டிருந்த உளுந்தைத் தின்றுவிட்டு, அதே வழியாகப் போய்விட்டன. அவள் கிரைண்டரின் தார்ப்பாயை மட்டும் எடுத்து மடித்து வைத்தாள்.

அடுத்தது பழைய கார்டு. இத்தனை வருஷம் உழைத்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் கழற்றி எறிவது மனுஷத்தன்மையா என்று லாரன்ஸ் கேட்டார். அவர் வேன் ஓட்டும் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஓய்வு பெற்றபோதுகூட விழா நடந்ததாம். உடனே ஒரு பொன்னாடை வாங்கி வந்தார்கள். பழைய கார்டை நாற்காலியில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு நாலு வார்த்தை பேசினார்கள். கார்டு ஏற்புரை வழங்காததை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அது எப்போதுமே அடக்கமான கார்டு.

புதுசை மாட்டினார்கள். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தானே கிளப்ப வேண்டும்? கார் ஓட்டப்போகிற கார்டு, அடியில் சக்கரம் மாதிரி ரெண்டு ஃபேன். ஆகவே ஃபேனுக்கு ஒன்றாக ரெண்டு எலுமிச்சம்பழத்தை ஒட்டினாற்போல் வைத்தார்கள். பழம் உருண்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வசதியாக, கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்தே வைத்தார்கள்.

மிச்சம் இருந்தது கேபிள். அதைக் கையில் பிடித்தபடி சீனிப்பாண்டி நின்றுவிட்டார்.

“இத கார்டுல சொருகுனா என்ன ஆகும்?”

“கார்டு வேலை செய்யும்,” என்றார் எசக்கிமுத்து.

“வேலை செஞ்சா?”

“சூடாகும்.”

“சூடு எமன்னு பாய் சொன்னாரா இல்லையா?”

மூன்று பேரும் சீனிப்பாண்டியைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. பெட்டியின் பின்னால், கம்ப்யூட்டருக்குச் சொந்தமாக வேறொரு ஓட்டை இருந்தது. கம்ப்யூட்டருக்கும் தானாகக் கொஞ்சம் படம் வரையத் தெரியும், ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அளவுக்கு. கேபிளை அதிலேயே சொருகிவிட்டார்கள். புது கார்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தது.

படம் முன்னைவிட மோசமாக வந்தது. புதுசுதானே, பழகட்டும் என்றார்கள்.

அன்றிலிருந்து ஓவர்கிளாக்கிங் தொடங்கியது. கோட்டைக் கொஞ்சம் நகர்த்துவார்கள், நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூலையில் இருக்கும் எண்ணைப் பார்ப்பார்கள். முப்பத்து நான்கு. இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்கள். முப்பத்து நான்கு. எண்ணைப் பார்ப்பவர் இமைக்கும்போது ஏறிவிட்டால் என்ன செய்வது என்று சந்தேகம் வந்ததால், ஒருவர் இமைக்கும்போது இன்னொருவர் இமைக்கக் கூடாது என்று முறை வைத்துக்கொண்டார்கள். கோடு கடைசி வரைக்கும் போய் இடித்து நின்றது. அப்போதும் முப்பத்து நான்கு.

துரைச்சிங்கம் பாய்க்குப் போன் போட்டுச் சொன்னார். கடை வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு கார்டை பாய் கேள்விப்பட்டது கிடையாது. நிஜமாகவே கடைசி வரைக்கும் நகர்த்தினீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குப் பதில் புதுசாக ரெண்டு தருகிறேன் என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். இவர்கள் மசியவில்லை. கண்ணாலாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று பாய் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு பூசாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார்.

ரேஸ் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கதவோரம் செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பாய் உள்ளே வந்தார். சாத்தியிருந்த கேட்டைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கேபிளை ஏம்ப்பா கார்டுல சொருகல?”

“சொருகுனா சூடாயிரும்லா பாய்,” என்றார் சீனிப்பாண்டி. பாய்க்கே இது தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தம்.

பாய் செண்பகவல்லி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு எழுந்து கோட்டை நியாயமான இடத்துக்கு இழுத்தார், கேபிளைப் பிடுங்கிக் கார்டில் சொருகினார், கம்ப்யூட்டரை மறுபடி போட்டார்.

திரையில் சாலை வந்தது. அவர்கள் அதுவரை சாலையைப் பார்த்ததே இல்லை, சாலையின் துண்டுகளைத்தான் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் இலை அசைந்தது. தூரத்தில் மலை தெரிந்தது. அடே, இங்கே மலை இருக்கிறதா என்று எசக்கிமுத்து வாயைப் பிளந்தார். துரைச்சிங்கத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மூன்று, இரண்டு, ஒன்று, ரேஸ் தொடங்கியது.

என்ன சொல்வது, பறந்தார்கள். வளைவு வருவது முன்கூட்டியே தெரிந்ததால் இடதும் வலதும் சண்டை போடவில்லை. மலையைப் பார்த்த மயக்கத்தில் லாரன்ஸ் தன் பங்கையே மறந்துவிட்டார். மேலக்கரை கார் பின்னால் புள்ளியாகச் சிறுத்துப்போனது. செண்பகவல்லி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு ஒரு அடி உள்ளே வந்தாள். அவளுக்கே மனம் துரைச்சிங்கம் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பின்னாளில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

வேலை செய்த கார்டு சூடானது. ஐம்பது, அறுபது. ஃபேன் ரெண்டும் முக்கி முனகி, பிறகு ஒரே வேகமாகச் சுற்ற, எலுமிச்சம்பழங்கள் திறந்திருந்த பக்கமாகப் பறந்தன. ஒன்று கேட்டில் பட்டு டங்கென்றது. இன்னொன்று பாயின் நெற்றியில் பட்டது. வண்டி கிளம்பிட்டு என்று நாலு பேரும் சந்தோஷப்பட்டார்கள்.

கடைசிச் சுற்று. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது மூலையில் எண்பது வந்தது. எண்பத்தொன்று.

லாரன்ஸ் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது வேன் சூடானால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தினார். கார் கிறீச்சென்று, எல்லைக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் ஓரங்கட்டி நின்றது.

“என்னவே பண்ணுத?” என்றார் துரைச்சிங்கம்.

“எஞ்சின் சூடாயிட்டு. ஆறவிட்டு எடுப்போம்.”

மூன்று பேரும் எண்ணைப் பார்த்தார்கள். எண்பத்தொன்று என்றுதான் இருந்தது. லாரன்ஸ் சொல்வது சரி என்று தலையாட்டிவிட்டுக் கைகளை எடுத்துக்கொண்டார்கள். எழுபத்தாறு. எழுபது. போங்கப்பா, போங்கப்பா என்று பாய் தரையில் உருளாத குறையாகக் கத்தினார். நல்ல மனுஷர், எங்கள் கார்டு கெட்டுவிடக் கூடாது என்று எவ்வளவு பதறுகிறார் பார் என்றார் எசக்கிமுத்து. பின்னாலிருந்த புள்ளி பெரிதாகி, காராகி, இவர்களைத் தாண்டி எல்லைக்கோட்டைக் கடந்தது. இவர்கள் அந்தக் கார்க்காரனுக்கு வழிவிட்டுக் கையாட்டினார்கள்.

எண் ஐம்பதுக்கு வந்ததும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கார்டு பிழைத்துவிட்டது.

செண்பகவல்லி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “சரி, நாலு பேரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிங்க,” என்றாள். கிரைண்டர் உள்ளே வந்தது. வழியில் நின்ற கேட்டு வெளியே போனது. பாய்க்கு நெற்றியில் சுண்ணாம்பு தடவி, சாப்பாடு போட்டு பஸ் ஏற்றிவிட்டார்கள்.

மாவு வியாபாரம் நன்றாகப் போகிறது. மாவுப் பாக்கெட்டு வைக்கப் பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றும் வந்துவிட்டது. கதவிலேயே குளிர் எவ்வளவு என்று எண் காட்டுகிற ஃப்ரிட்ஜ். முன்னறை போன துக்கத்தில் துரைச்சிங்கம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் அந்த எண் அவர் கண்ணில் பட்டது.

அன்றைக்கே நாலு பேரும் கூடி, கார்டைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, மாவுப் பாக்கெட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்தார்கள். குளிரில் ஜலதோஷம் பிடிக்காமல் இருக்க, பழைய கார்டின் பொன்னாடையை எடுத்துப் புதுசுக்குப் போர்த்திவிட்டார்கள். பிறகு பாய்க்குப் போன் போட்டார்கள்.

“பாய், கார்டு நாலு டிகிரிக்கு வந்துட்டு,” என்றார் துரைச்சிங்கம். “இன்னும் கொஞ்சம் வேகம் ஏத்துவோமா?”

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. துரைச்சிங்கம் மறுபடி போடப் போனார். லாரன்ஸ் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“பாய் போனு சூடாயிருக்கும் வே. ஆறவிட்டுக் கூப்பிடுவோம்.”