குளக்கரையில் புதையல் தேடிய கீரி

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் சுருளி என்றொரு கீரி வசித்தது. சுருளிக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அந்த மூக்கை அடுத்தவர் விஷயத்தில் நுழைக்காவிட்டால் அதற்குச் சாப்பிட்டது செரிக்காது. எந்தப் பொந்தில் யார் குடியிருக்கிறார்கள், எந்த நண்டு எங்கே வளை மாற்றிக்கொண்டு போனது, எல்லாம் அதற்கு அத்துப்படி. ஆனால் உட்கார்ந்து பேச ஒரு துணை கிடையாது. வேவு பார்க்கிறவனோடு யார் மனம்விட்டுப் பேசுவார்கள்?

அது நல்ல கோடை. சுற்றுவட்டாரத்துக் குட்டைகள் எல்லாம் வற்றி வெடித்துக் கிடந்தன. மழை வரும்வரை காட்டுக்கே அந்தக் குளத்துத் தண்ணீர்தான்.

எல்லாம் தெரிந்த சுருளிக்கும் பிடிபடாத விஷயம் ஒன்று இருந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை. அங்கே பேச்சி என்ற கழுதை கல் சுமந்தது. சனி, ஞாயிறு சூளைக்கு விடுமுறை. விட்டால் போதும் என்று பேச்சி குளக்கரைக்கு வந்துவிடும். கரையின் வெளிச்சரிவில், மருத மரத்தடியில், எப்போதும் ஒரே இடத்தில்தான் படுக்கும். வெள்ளையம்மா என்ற உண்ணிக்கொக்கு பறந்து வந்து பக்கத்தில் நிற்கும். குப்பாண்டி என்ற ஆமை குளத்திலிருந்து ஏறி, கரையைத் தாண்டி, மூச்சு வாங்க வந்து சேரும். அப்புறம் மூன்றும் பேசும். பேசாமல் சும்மா கிடக்கும். திடீரென்று சிரிக்கும். பேச்சி சிரிக்கிற சத்தம் அக்கரை வரைக்கும் கேட்கும்.

சுருளி புதருக்குள் படுத்தபடி யோசித்தது. விருந்து நடக்கிறதா? இல்லையே, பேச்சி மெல்லுவது வெறும் காய்ந்த புல். யாரையாவது ஏமாற்றிவிட்டுச் சிரிக்கிறார்களா? அதற்கெல்லாம் சாமர்த்தியம் வேண்டும், இந்த மூன்றுக்கும் அது சுத்தமாகக் கிடையாது. அப்படியானால் இத்தனை சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? யோசித்து யோசித்துச் சுருளிக்கு மண்டை காய்ந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை நேரிலேயே போய் நின்றது.

"பேச்சியக்கா, இந்த இடத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"என்ன இருக்கு? நிழல் இருக்கு. வெள்ளையம்மா இருக்கா. குப்பாண்டி இருக்கான். நீயும் வந்து உக்காரேன்" என்றது பேச்சி.

சுருளி உட்காரவில்லை. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அது மறுபடியும் புதருக்குள் போய்ப் படுத்துக் கண் கொட்டாமல் கவனித்தது.

பேச்சி நான்கு கால்களையும் மேலே தூக்கிக்கொண்டு, அந்த இடத்துப் புழுதியில் இப்படியும் அப்படியும் புரண்டது. முதுகு அரித்தால் கழுதை புரளும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். சுருளிக்கோ பேச்சி எதையோ மண்ணைத் தள்ளி மூடுவதாகப் பட்டது. வெள்ளையம்மா அடிக்கடி குனிந்து தரையைப் பார்த்தது. பூச்சி தேடத்தான் குனிந்தது. சுருளியோ, வைத்தது வைத்தபடி இருக்கிறதா என்று கொக்கு சரிபார்ப்பதாக எடுத்துக்கொண்டது. குப்பாண்டி வெகுநேரம் அசையவே இல்லை. அதுதான் காவல் என்று சுருளி தீர்மானித்துவிட்டது.

புதையல்! வேறென்ன? அதற்கப்புறம் சுருளிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயிலில் பேச்சி சற்றுத் தள்ளி மேயப் போனது. வெள்ளையம்மாவும் கூடவே போனது. குப்பாண்டி உடம்பை நனைத்துக்கொள்ளக் குளத்துக்குள் இறங்கியது. இதுதான் சமயம் என்று சுருளி பாய்ந்து வந்து தோண்ட ஆரம்பித்தது. தோண்டுவதற்குக் கீரிக்குச் சொல்லியா தரவேண்டும்? புழுதி போய்க் களிமண் வந்தது. களிமண்ணுக்குள் வேர் வந்தது. பிறகு மண் ஈரமாக வந்தது. ஆகா, நெருங்கிவிட்டோம் என்று சுருளி இன்னும் வேகமாகப் பறித்தது. தான் தோண்டிக்கொண்டிருப்பது குளத்தின் கரை என்பது அந்த ஆசையில் அதற்கு நினைவே வரவில்லை.

சளீரென்று முகத்தில் தண்ணீர் அடித்தது. சுருளி குப்புற உருண்டு வெளியே வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால், பொந்து வழியாகக் குளத்துத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பொந்தின் வாய் கரைந்து கரைந்து அகலமாகிக்கொண்டே போனது.

ஓடிவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. எலியோ நண்டோ செய்த வேலை என்று சொல்லிவிடலாம். நான்கு அடி ஓடவும் செய்தது. ஆனால் குப்பாண்டி உள்ளே இருக்கிறதே. தண்ணீர் போய்விட்டால் இந்த வெயிலில் அந்த ஆமை எங்கே போகும்? மான்களும் பறவைகளும் எங்கே போய்க் குடிக்கும்? சுருளி ஓட்டத்தை நிறுத்தியது. அடுத்தவரைப் பற்றி அது வேவு பார்க்காமல் நினைத்தது அன்றைக்குத்தான். திரும்பி, மேய்ந்துகொண்டிருந்த பேச்சியிடம் தலைதெறிக்க ஓடியது.

"அக்கா, கரையை நான் தோண்டிட்டேன். தண்ணி போகுது, அக்கா!"

ஏன் தோண்டினாய், எதற்குத் தோண்டினாய் என்று பேச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடி வந்து பார்த்தது. திரும்பி நின்று, தன் பெரிய பின்புறத்தைப் பொந்தின் வாயில் வைத்து அழுத்தி அப்படியே உட்கார்ந்துகொண்டது. பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. வெள்ளையம்மா குளத்துக்குப் பறந்து குப்பாண்டியிடம் செய்தி சொன்னது. குப்பாண்டி உள்ளே மூழ்கித் தேடி, தண்ணீர் எங்கே இழுக்கிறதோ அந்த வாயைத் தன் முதுகோட்டால் அடைத்துக்கொண்டு நின்றது. ஒழுக்கு சொட்டுச் சொட்டாக ஆனது.

அப்புறம் பேச்சி சற்று விலகிக்கொள்ள, சுருளி வேலையைத் தொடங்கியது. களிமண்ணை அள்ளிக்கொண்டு போய் உள்ளே வைத்து அமுக்கியது. வெள்ளையம்மா கொத்திக் கொடுத்த புல்லை வேரோடு வைத்து அடைத்தது. பேச்சி குளம்பால் மிதித்து மிதித்து இறுக்கியது. வெயில் சாய்ந்தபோதுதான் கரை பழையபடி ஆனது. ஓய்வு நாளின் பிற்பகல் மொத்தமும் மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது.

சுருளி தள்ளி நின்றது. அதன் பாதமெல்லாம் கல் கிழித்து எரிந்தது. திட்டு விழும் என்று காத்திருந்தது. விழவில்லை. கடைசியில் அதுவே கேட்டது.

"என்னை ஏன் யாரும் திட்டலை?"

"விடிஞ்சா நான் கல்லு சுமக்கணும்டா. ஞாயித்துக்கிழமையில மிச்சம் இந்தக் கொஞ்ச வெளிச்சம்தான். அதையும் உன்னைத் திட்டியே கழிக்கச் சொல்றியா? வந்து படு" என்றது பேச்சி.

சுருளி தயங்கித் தயங்கி வந்து படுத்தது. படுத்தும் வாய் சும்மா இருக்கவில்லை. புரண்டதும் குனிந்ததும் அசையாமல் கிடந்ததும் எதற்கு என்று விசாரித்தது. தான் நினைத்ததையும் ஒளிக்காமல் சொன்னது. கேட்ட குப்பாண்டிக்குச் சிரிப்புத் தாங்காமல் தலை ஓட்டுக்குள் போய்விட்டது. "நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்டா, காவலாவது மண்ணாவது" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பேச்சி சிரித்தது. வெள்ளையம்மா சிரித்தது. தன்னை நினைத்துத் தானே சிரிக்கலாம் என்பது சுருளிக்கு அதுவரை தெரியாது. அதுவும் சிரித்தது.

சிரித்து ஓய்ந்து நான்கும் படுத்துக் கிடந்தன. குளத்திலிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. பேச்சியின் வயிற்றுப் பக்கம் கதகதப்பாக இருந்தது. சுருளிக்கு இனி எதையும் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. எப்போதும் ஒரு கண்ணைத் திறந்துவைத்தே தூங்கும் அது, இரண்டு கண்ணையும் மூடித் தூங்கியது.

திங்கட்கிழமை விடியும்போது பேச்சி எழுந்து உடம்பை உதறிக்கொண்டு சூளைக்குக் கிளம்பியது. சுருளி அதன் கூடவே கரை முடியும்வரை நடந்தது.

"சனிக்கிழமை வருவேல்ல, அக்கா?"

"வராம எங்க போவேன்?"

பேச்சி போன வழியையே சுருளி வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு இதுவரை எல்லா நாளும் ஒரே மாதிரி நாள்தான். முதல்முறையாக இப்போது, ஆசையோடு காத்திருக்க ஒரு நாள் கிடைத்துவிட்டது.

நிழலும் ஓய்வும் நட்பும் பக்கத்திலேயே இருக்கும்போது அவற்றை நன்றியோடு அனுபவிக்கத் தெரியாதவன், இல்லாத புதையலைத் தேடி இருப்பதையும் இழக்கப் பார்ப்பான்.