பன்னிரண்டு இலை குறைந்த கூடாரம்

தேக்கங்காட்டில் செவலை என்றொரு முயல் நான்கு குட்டி போட்டிருந்தாள். ஒரு நாள் வயசுக் குட்டிகள். மேற்கே மேகம் கறுத்தது. நனைந்தால் ஒன்றும் பிழைக்காது.

அந்தக் காட்டில் நிஜப் புலி இருந்தும், தன்னைக் கணக்குப் புலி என்று சொல்லித் திரிந்தது நெட்டைவாலன் என்ற குரங்குதான். “கவலைப்படாதே, நான் கூடாரம் போடுறேன்” என்று மூங்கில் சட்டம் நட்டான். தரை ஆறு வாலுக்கு ஆறு வால், நடுக்கம்பம் நாலு வால், நாலு பக்கமும் சாய்ந்து உச்சியில் கூடும். அளவுகோல் அவன் வால்தான். வேறெதையும் அவன் நம்புவதில்லை.

“பக்கம் ஒரு முக்கோணம். ஆறை நாலால் பெருக்கிப் பாதியாக்கினால் பன்னிரண்டு. நாலு பக்கத்துக்கு நாற்பத்தெட்டு. ஒரு சதுர வால் பரப்புக்கு ஓர் இலை. சரிதானே?” என்று ஓணானிடம் கேட்டான்.

சட்டத்தின் சரிவில் அப்போதுதான் இறங்கி வந்த ஓணான், “இல்லை அண்ணே. நாலு என்பது கம்பம். இலை வேய்வது சரிவில். அது அஞ்சு வால். பக்கத்துக்குப் பதினைஞ்சு, மொத்தம் அறுபது இலை வேணும்” என்றது. சொல்லும்போதே தலையை ஆட்டியது. ஓணான் தலை ஆடத்தானே செய்யும்?

“பார், தலையாட்டிட்டான்” என்றான் குரங்கு.

“வாயால வேற என்னமோ சொல்றாரே” என்றாள் செவலை.

“வாய் கிடக்கட்டும். உள்ளே எவ்வளவு இடம் தெரியுமா? தரை முப்பத்தாறு, உயரம் நாலு. நூற்று நாற்பத்து நாலு! என் சொந்தக்காரர் பதினோரு பேரும் வந்து தங்கலாம்.”

“அது பெட்டிக் கணக்கு அண்ணே. மேலே குறுகினால் மூணில் ஒரு பங்குதான், நாற்பத்தெட்டு” என்று ஓணான் மறுபடி தலையாட்டியது. குரங்கு பூரித்துப்போனான்.

குரங்கு சொன்ன நாற்பத்தெட்டு இலையை மட்டும் பறித்துவந்து கீழிருந்து வேய்ந்தார்கள். இலை தீர்ந்தது. உச்சி ஆவென்று திறந்து கிடந்தது. மழையும் பிடித்துக்கொண்டது, சொந்தக்காரர்களும் மூட்டையோடு வந்தார்கள். நனைந்த குட்டி ஒன்று கீச்சிட்டது. குரங்குக்கு முகம் செத்துவிட்டது.

செவலை வாசலை மறித்து நின்றாள். “உள்ளே இடமில்லை அண்ணே, மேலேதான் இருக்கு. குறையுறது பன்னிரண்டு இலை. நீங்களும் பன்னிரண்டு பேர். ஏறி உட்காருங்க.”

மழை ஓயும்வரை பன்னிரண்டு குரங்குகளும் நெருக்கியடித்து உச்சியை அடைத்து உட்கார்ந்திருந்தன. கீழே குட்டிகள் காய்ந்த சருகில் தூங்கின.

“இப்போ கணக்கு சரி” என்று ஓணான் தலையாட்டியது.

ஆடும் தலையைப் பார்த்துவிட்டு, பேசும் வாயைக் கேட்காதவன், கணக்கில் விட்ட ஓட்டையைத் தன் பின்புறத்தால்தான் அடைக்க வேண்டும்.