கொண்டல்சாமி வாங்கிய சாமான்கள்

அந்தக் காலத்தில் கருவேலமரத்துப் புழுவுக்குப் போர்த்திக்கொள்ள ஒன்றும் கிடையாது. வெறும் உடம்போடு கிளையில் ஊர்ந்து திரியும். புழு, பறவை, மரம், காற்று எல்லாம் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்ததால் ஒருவர் சங்கதி இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்காது.

அந்தப் புழுக்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சிறகு வேண்டுமென்றால், தான் பிறந்த மரத்தைப் போலவே ஒரு சின்ன மரம் செய்து கிளையில் கட்டிவைக்க வேண்டும். கட்டைவிரல் உயரம் இருந்தால் போதும். ஆனால் கிளை திரும்புகிற இடத்தில் கிளை திரும்பவேண்டும், முள் இருக்கிற இடத்தில் முள் இருக்கவேண்டும். ஆடி முடிகிற சமயத்தில் காற்று வந்து அதைப் பார்க்கும். பார்த்துவிட்டு, இது உன் ஜாடையில் இருக்கிறதா என்று மரத்திடம் கேட்கும். மரம் ஒப்புக்கொண்டால் சிறகு. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஊர வேண்டியதுதான்.

சுள்ளியோடு சுள்ளியைக் கட்டுவதற்குப் புழுவின் வாயிலேயே பட்டுநூல் இருந்தது. ஒரு மரம் கட்டத் தேவையானதற்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் இழுக்க இழுக்கத் தீரும். தீர்ந்தால் மறுபடி ஊறாது.

கண்மாய்க்கரையில் நின்ற ஒரு கருவேலமரத்தில் கொண்டல்சாமி என்று ஒரு புழு இருந்தான். அவனுடைய அத்தை மகள் சீனியம்மாளும் அதே மரத்தில் பிறந்தவள்தான். இவனுக்கு அவள் என்று முட்டையிலேயே பேசி முடித்தாயிற்று. ஆனால் பொரிந்த மறுநாளே ஒரு சுழல்காற்று அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கண்மாய்க்கு அந்தக் கரையில் நின்ற மரத்தில் போட்டுவிட்டது. நடுவில் தண்ணீர். ஊர்ந்து போக வழியில்லை. பிறந்த மரம் கண்ணெதிரில் இல்லாததால் அதைப் போல ஒன்று செய்து அவளாலும் சிறகு வாங்க முடியாது. இவனுக்குச் சிறகு வந்தால்தான் அவளைப் பார்க்க முடியும்.

சிறகு வாங்கியே தீருவது என்று கொண்டல்சாமி முடிவுகட்டிக்கொண்டான். அதுவும் ஏனோதானோ மரமாக இருக்கக்கூடாது. பார்த்தவுடனே பெரிய மரமே மலைத்துப்போகிற மாதிரி இருக்கவேண்டும்.

அந்த மரத்துப் பொந்தில் மைனா அண்ணாச்சி கடை வைத்திருந்தார். தன் கூட்டுக்கு மெத்தை போட அவருக்குப் பட்டுநூல் வேண்டும். அதனால் நூலை வாங்கிக்கொண்டு சாமான் கொடுப்பார். புழுக்களைப் பார்த்தால் வாய் ஊறத்தான் செய்யும், இருந்தாலும் வாடிக்கைக்காரரைக் கொத்துவதில்லை என்று ஒரு நியாயம் வைத்திருந்தார்.

முதலில் கொண்டல்சாமி போனது ஒரு முள் ஊசிக்காகத்தான். ஊசியை எடுத்துக் கொடுத்த அண்ணாச்சி, இது தடித்த சுள்ளிக்குத்தான் ஆகும், மெல்லிசுக்கு வேறு ஊசி இருக்கிறது என்று காட்டினார். இரண்டையும் வாங்கினான். சுள்ளியை வழவழப்பாக்க வேண்டாமா என்று கேட்டு, சொரசொரப்பான இலைத்துண்டு கொடுத்தார். அதில் முரட்டு ரகம், நடுத்தரம், நைஸ் என்று இருந்தது. அணில் வால்முடியில் செய்த பிரஷ் ஒன்று வாங்கினான். அது பட்டைக்கு, இலைக்கு வேறு பிரஷ் என்றார். பச்சைச் சாயம் வாங்கினான். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, இந்தப் பச்சைக்கும் வாங்காமல் விட்ட பச்சைக்கும் நடுவில் ஒரு பச்சை இருந்தால் தளிருக்குச் சரியாக இருக்குமே என்று தோன்றிவிட்டது. மறுபடியும் போனான்.

ஒவ்வொரு தடவையும் வாயிலிருந்து கொஞ்சம் நூல் போயிற்று.

பக்கத்துக் கிளையில் ஒரு குளவி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தாள். கொண்டல்சாமிக்கு மதினி முறை. அவளிடம் ஒரு சாமானும் கிடையாது. வாயாலேயே மண்ணை உருட்டி, வாயாலேயே தடவி, குட்டிக் கலயம் மாதிரி ஒன்றைக் கட்டி முடிப்பாள். முடித்துவிட்டு அடுத்த கலயத்துக்கு மண் எடுக்கப் போகும்போது இவன் இருக்கிற இடத்தை எட்டிப் பார்ப்பாள். மரம் எங்கே என்று கேட்பாள். இன்னும் ஆரம்பிக்கவில்லை, எல்லாம் கைவசம் வந்ததும் ஒரே மூச்சில் கட்டிவிடுவேன் என்பான் இவன்.

“கடை போடப் போறீகளா கொழுந்தனாரே?” என்றாள் ஒருநாள். “அப்படின்னா சொல்லுங்க, நானும் வந்து வாங்குறேன்.”

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்குச் சாயந்திரமே போய், வாங்கின ஊசிகளைச் செருகிவைக்க ஒரு தாங்கி வாங்கிக்கொண்டு வந்தான். சிதறிக் கிடப்பதனால்தான் வேலை ஓடவில்லை என்பது அவன் எண்ணம்.

ஆடி முடியப் போயிற்று. மற்றப் புழுக்களின் மரங்கள் கிளைகளில் வரிசையாக நின்றன. சிலது கோணல், சிலது குட்டை. நின்றன, அவ்வளவுதான் விசேஷம். கொண்டல்சாமியைச் சுற்றி ஊசியும் பிரஷும் அளவுக்குச்சியும் தேய்ப்பிலையும் குவிந்து கிடந்தன. நடுவில் ஒரு சுள்ளிகூட நடவில்லை.

கடைசி நாள் மத்தியானம் அண்ணாச்சியே தேடி வந்தார். நண்டுக்குஞ்சின் கொடுக்கில் செய்த இடுக்கி ஒன்று வந்திருக்கிறது என்றார். கொண்டல்சாமி தன் வாயில் இருக்கிற நூலை நாக்கால் தடவிப் பார்த்தான். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இருந்தது. அதுவும் இறுக்கிப் பிடித்தால்.

“இனிமே வேண்டாம் அண்ணாச்சி,” என்றான்.

“எப்பவுமேவா?”

“எப்பவுமேதான். நூல் இல்லை.”

அண்ணாச்சி தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தார். இத்தனை நாள் அவன் வாயைப் பார்த்துப் பேசினவர், இப்போது அவன் உடம்பைப் பார்த்தார். தம்பிக்கு உடம்பு நல்லாத் தேறியிருக்கே என்று அன்பாகச் சொன்னார். இன்னும் ரெண்டு கிளையில் வேலை இருக்கிறது, பொழுது சாய வருகிறேன் என்று பறந்துபோனார்.

அவர் எதற்கு வருவார் என்பது கொண்டல்சாமிக்குப் புரிந்துவிட்டது. இவன் இப்போது வாடிக்கைக்காரன் இல்லை.

இருக்கிற நூலில் மரத்தைக் கட்டினால், காற்று வருவதற்குள் அண்ணாச்சி வந்து கொத்திவிடுவார். ஒளிந்துகொள்ள ஒரு கூடு கட்டினால் உயிர் தப்பும். ஆனால் மரம் இருக்காது, சிறகு இருக்காது, சீனியம்மாள் அந்தக் கரையிலேயே இருப்பாள். நூல் ஒரு வேலைக்குத்தான். அப்படியானால் இரண்டையும் ஒரே வேலையாக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்தான். சின்ன மரத்துக்கு அடிமரமாகத் தானே உள்ளே நின்றுவிடுவது.

அதற்குப் பிறகு அவன் யோசிக்கவில்லை. கீழே இறங்கிச் சுள்ளி பொறுக்க நேரமில்லாததால் கையில் பட்டதை எடுத்தான். முரட்டு ஊசியை எடுத்து முதுகோடு வைத்துக் கட்டினான். மெல்லிசு ஊசியை அதன் பக்கத்தில். அளவுக்குச்சியைக் கடித்து நறுக்கிக் கிளையாக்கினான். பிரஷ் காம்புகளின் மயிரைப் பிய்த்து எறிந்துவிட்டு அவற்றையும் சேர்த்தான். தேய்ப்பிலைகளைக் கிழித்துப் பட்டையாக ஒட்டினான். எல்லாமே வாயால்தான். வாய் எரிந்தது. நூல் மெலிந்துகொண்டே வந்தது. பச்சைச் சாயங்களை மட்டும் தொடவில்லை. ஆடியில் கருவேலமரம் எங்கே பச்சையாக இருக்கிறது?

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டபோது அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

கிளையில் ஒரு குத்துச் சுள்ளி தொங்கியது. புழுவைக் காணோம். அண்ணாச்சி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கடைக்காரக் குரலுக்கு மாறினார்.

“தம்பி, அந்த இடுக்கியை உனக்காகவே எடுத்து வச்சிருக்கேன். கீலு தேயாது. நூல்கூட வேண்டாம், சும்மா வாங்கிக்கோ.”

உள்ளே இருந்த கொண்டல்சாமிக்கு எந்தப் பக்கத்துக் கொடுக்கு என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. தலையை நீட்டி அதை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே வந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தான் போட்ட முடிச்சையே பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டான். அண்ணாச்சி இடுக்கியைத் திறந்து மூடிச் சத்தம் காட்டினார். அவன் விடவில்லை. கடைசியில் அவர் அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டு பறந்துபோனார்.

அவர் போனதும் காற்று வந்தது. ஒவ்வொரு சின்ன மரமாகப் பார்த்து, மரத்திடம் கேட்டு, சிறகு கொடுத்துக்கொண்டே வந்தது. கொண்டல்சாமி இருந்த கிளையில் நின்றது. இந்தப் பையன் செய்ததைப் பார்த்தாயா, உன் ஜாடையில் இருக்கிறதா என்று மரத்தைக் கேட்டது. மரம் நெடுநேரம் தேடியது.

“எங்கே இருக்கு?” என்றது மரம். “எனக்கு என் கிளைதான் தெரியுது.”

காற்றுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுள்ளிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது. ஒரு முடிச்சும் அவிழவில்லை.

“சிறகு உண்டு,” என்றது. “ஆனா நீ உள்ளே உட்கார்ந்துட்டே. இத்தனை சாமானுக்கு நடுவுல அது மெதுவாத்தான் முளைக்கும். அதுவரைக்கும் இதைச் சுமந்துக்கிட்டுத் திரி. முளைக்கிறப்போ நான் இங்கே இருக்கமாட்டேன். காத்து இல்லாத சிறகு ஒரு பொழுதுக்குத்தான் தாங்கும்.”

“கண்மாயைத் தாண்ட அது போதும்,” என்றான் கொண்டல்சாமி.

மற்றவர்கள் பறந்துபோனார்கள். அவன் அத்தனை சாமானையும் முதுகில் இழுத்துக்கொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டி இலை தின்றுகொண்டு, கிளை கிளையாக ஊர்ந்தான். கனம் தாங்காமல் சில நாள் அப்படியே தொங்கிவிடுவான். மதினி வந்து, இறக்கிவைக்கக் கூடாதா என்று கேட்டாள். உடம்போடு கட்டியாகிவிட்டது என்றான். அவள் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. அண்ணாச்சி அந்தக் கரையிலும் கடை போடப் போகிறாராம் என்று கேள்விப்பட்டுப் பறந்துபோய், சீனியம்மாளிடம் உடம்போடு சுள்ளி கட்டி ஒளிந்துகொள்கிற விதத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

பனிக்காலம் முடிகிற ஒரு சாயந்திரம் கட்டின் அடிப்பக்கத்தைப் பிளந்துகொண்டு கொண்டல்சாமி வெளியே வந்தான். புகை நிறத்தில் சின்னச் சிறகு. காற்று அசையவே இல்லை. நடுக் கண்மாயில் இரண்டு தடவை தண்ணீரைத் தொடப்போய் எழும்பினான். அந்தக் கரை மரத்தில் ஒரு சுள்ளிக்கட்டு தொங்கியது. அதன்மேல் போய் விழுந்தான்.

“வர்றதுக்கு இம்புட்டு நாளா?” என்று உள்ளேயிருந்து கேட்டாள் சீனியம்மாள்.

அவன், இருந்த ஒரு பொழுதைப் பேசிக் கழிக்க மனமில்லாமல், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டான்.

இன்றைக்கும் கருவேலங்கிளையில் ஒரு சுள்ளிக்கட்டு தானாக நகர்ந்தால், உள்ளே ஒரு புழு இருக்கிறது என்று அர்த்தம். தான் சேர்த்ததையெல்லாம் உடம்போடு கட்டிச் சுமந்து, முடிவில் அத்தனையையும் கிளையிலேயே விட்டுவிட்டு ஒரே ஒரு பொழுது அது பறப்பது அன்று முதல்தான்.