யார் முகத்தில் விழித்தான் இளவரசன்?

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டைச் சூரசிம்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அவன் மட்டுமா? அரண்மனையே கொட்டாவி விட்டது. எல்லாம் ஒன்பது மாதத்து இளவரசன் பூபாலனால் வந்த வினை. சேவல் கண் திறக்கும் முன்பே பயல் எழுந்து வீல் வீலென்று கத்துவான். அப்புறம் யாருக்குத் தூக்கம்?

"மன்னா, செவிலி மருதாயி சரியில்லை" என்றார் அரண்மனைச் சோதிடர் கும்பலிங்கம். "அமைச்சர் சிபாரிசு செய்து கொண்டுவந்த ஆள்தானே! வேறெப்படி இருப்பாள்?"

அமைச்சர் விசாகப்பெருமாளைக் கண்டாலே சோதிடருக்கு வயிறு எரியும். ராஜா எதற்கெடுத்தாலும் அமைச்சரைத்தான் கேட்கிறானே என்ற புகைச்சல்.

தூக்கமில்லாத ராஜா யோசிக்கவா போகிறான்? "மூன்று நாள் தவணை! அதற்குள் இளவரசன் விடியும்வரை தூங்க வேண்டும். இல்லாவிட்டால் மருதாயி ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும். இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது!"

மருதாயி அழுத அழுகை கல்லையும் கரைக்கும். அமைச்சர் அவளைத் தேடிப் போனார்.

"என்னம்மா நடக்கிறது? உள்ளதைச் சொல்."

"என்னத்தைச் சொல்றதுங்க! புள்ள முழிக்கும்போது அப்பா முகத்துலதான் முழிக்கணும், வேற முகத்துல முழிச்சா நாட்டுக்கு ஆகாதுன்னு சோசியர் ராசாகிட்ட ஓதிட்டாரு. அன்னிக்கு ராசா வர்றதுக்குள்ள புள்ள என் மூஞ்சியைப் பார்த்துட்டுது. மறுநாள் ராசா சேவலுக்கு முந்தியே வந்துட்டாரு. தலையில கிரீடம், கால்ல கழல், முன்னாடி தீவட்டி, பின்னாடி நாலு ஆளு. தொட்டில்ல குனிஞ்சு மூஞ்சிக்கு நேரா மூச்சு விட்டா புள்ள முழிச்சுக்காதா? நேத்து இந்நேரம் முழிச்சான், இன்னிக்கு இன்னும் முந்தி வரணும்னு நாளுக்கு நாள் முந்தி முந்தி வர்றாருங்க!"

"இதை ராஜாவிடம் சொல்லவில்லையா?"

"எனக்கு ஒரு கழுத்துதானுங்களே இருக்கு" என்றாள் மருதாயி. "என்னை அனுப்பினா அனுப்பட்டும். என் மடி இல்லாம அந்தப் புள்ள எப்படிங்க தூங்கும்?" மறுபடி அழுகை.

இரண்டாம் நாள் சபையில் அமைச்சர் எழுந்தார். "சோதிடரே, ஒரு சந்தேகம். விழிக்கும் முகம் இளவரசருக்கு மட்டும்தான் முக்கியமா? நாடாளும் மன்னருக்கு?"

சோதிடருக்கு மார்பு இரண்டு விரற்கடை விரிந்தது. "மன்னருக்கல்லவா அதைவிட முக்கியம்! கன்றோடு பசு, நிறைகுடம், யானை... இவற்றில் விழித்தால் வெற்றிமேல் வெற்றி!"

"உங்கள் முகத்தில் விழித்தால்?"

"கோடிப் புண்ணியம்!"

"அப்படியானால் நாளைக் காலையில் பசு, குடம், யானையோடு எல்லோரும் வந்துவிடுங்கள். மன்னர் வேறெதிலும் விழித்துவிடக் கூடாது" என்றார் அமைச்சர். ராஜாவும் பெருமையாகத் தலையாட்டினான்.

மூன்றாம் நாள். ராஜா எழுவதற்கு இரண்டு நாழிகை முன்பே படுக்கையறையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் முந்தி, நீ முந்தி என்று ஆளுக்கு ஆள் முண்டியடித்தார்கள். யானைக்கு வாசல் போதவில்லை. சன்னல் வழியே துதிக்கையை நீட்டி ராஜாவின் போர்வையை இழுத்தது. கன்றுக்குட்டி உள்ளங்காலை நக்கியது. ராஜா 'ஐயோ' என்று துள்ளிக் கண்ணைத் திறந்தால், மூக்குக்கு மூக்கு ஒரு சாண் தூரத்தில் சோதிடரின் முகம், பல்லெல்லாம் தெரிய!

"அடப்பாவிகளா! இப்போதுதானே கண்ணயர்ந்தேன்!" என்று ராஜா கத்தினான். "தலைமாட்டில் நின்று மூஞ்சியில் மூச்சு விட்டால் மனிதன் எப்படியய்யா தூங்குவான்? நான் எழும்போது பார்க்க வேண்டுமென்றால், எழும்வரை வெளியே காத்திருக்க வேண்டியது..."

வாய் அப்படியே நின்றது. தொட்டில் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"மன்னா," என்றார் அமைச்சர் மெதுவாக, "இளவரசரும் இதையேதான் தினமும் சொல்கிறார். ஒன்பது மாதம்தானே ஆகிறது, வார்த்தை வரவில்லை. அதனால் அழுகிறார்."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிரீடத்தைத் தொடவில்லை. கழலையும் மாட்டவில்லை. வெறுங்காலோடு போய்த் தொட்டில் அறை வாசல்படியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு முனகல். ராஜா பதறி எழுந்தான். மருதாயி விரலை வாயில் வைத்து, உட்காருங்கள் என்று சைகை காட்டினாள். ராஜா உட்கார்ந்தான். பிள்ளை புரண்டான், விரலைச் சப்பினான், மறுபடி தூங்கிப்போனான். சேவல் கூவியது. கிழக்கு வெளுத்தது. வெயில் படியேறி ராஜாவின் மடியில் விழுந்த பிறகு உள்ளே கலகலவென்று ஒரு சிரிப்பு.

"மருதாயி! யார் முகத்தில் விழித்தான்?"

"யார் முகத்துலயும் இல்லீங்க. தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கிட்டு முழிச்சாரு. இப்ப அதையே வாயில வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு!"

ராஜா சிரித்த சிரிப்பில் அரண்மனைப் புறாவெல்லாம் பறந்துவிட்டன. தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டான். "சோதிடரே, உம் முகத்தில் விழிப்பது கோடிப் புண்ணியம் என்றீரே? இன்று முதல் ஒரு மாதம் பட்டத்து யானை உம் முகத்தில் விழிக்கட்டும். அது எழும்வரை எதிரே நில்லும்!" என்றான். யானையோ நின்றுகொண்டே தூங்கும். அது எப்போது விழித்தது என்று பாகனுக்கே தெரியாது. சோதிடர் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"உன்னைத் தவறாக நினைத்துவிட்டேன், மருதாயி. அக்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. என்ன வேண்டுமோ கேள், பொன்னா, நிலமா?"

மருதாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணும் வேணாங்க ராசா. ஒரு நாள் நல்லாத் தூங்கணும்."

ராஜா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நந்தவனத்துக்கு நடந்தான். அன்று உச்சிவேளைவரை மருதாயி தூங்கினாள். மருங்கூர் அரண்மனையே அவளுக்காகக் கால்விரல் நுனியில் நடந்தது.