தழைச்சத்துக்குக் காவல்

கூழப்பாளையத்தில் மூளையைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்த சகலைகள் மூன்று பேர் இருந்தார்கள்: நாச்சிமுத்து, கருப்பணன், சென்னியப்பன். மூவருக்கும் சேர்த்துக் கவலைப்பட நாச்சிமுத்துவின் மனைவி வேலாத்தாள் இருந்தாள்.

பக்கத்துச் சிப்ஸ் கம்பெனி, உருளைக்கிழங்கு கழுவிய தண்ணீரைச் சுத்திகரித்து அவர்களுடைய கத்தரித் தோட்டத்துக்கு விட்டது. கம்பெனி அதிகாரியம்மா பொறுமையாகச் சொன்னாள்:

"இந்தத் தண்ணியிலேயே தழைச்சத்து இருக்கு. யூரியா போடாதீங்க, அளவாப் பாய்ச்சுங்க. சத்து வேரோட நிக்கணும். வேரைத் தாண்டி இறங்கினா கிணத்துல கலந்திடும், குடிக்க ஆகாது. அப்புறம் நாங்களும் தண்ணியை நிறுத்திடுவோம்."

வேலாத்தாளுக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை. குடிக்க இருப்பது அந்த ஒரே கிணறு. பயிருக்கு இருப்பது கம்பெனித் தண்ணீர்.

மறுநாள் தண்ணீர் பாய்ந்ததும் மூவரும் வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சத்து வேரைத் தாண்டிடுச்சான்னு எப்படித் தெரியும் சகல?" என்றான் கருப்பணன்.

"புடுங்கிப் பார்த்தாத் தெரிஞ்சிடும்," என்றான் நாச்சிமுத்து.

நாற்று எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். வேருக்குக் கீழே ஈரம்.

"போச்சு, தாண்டிடுச்சு!"

நாற்றைத் திரும்ப நட்டுவிட்டு, வருகிற சத்தைப் பிடிக்கச் சென்னியப்பனைக் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். அவன் பாதியில் தொங்கிக்கொண்டு கேட்டான்: "அது எப்படி இருக்கும் சகல?"

"தழைன்னா பச்சையாத்தான் இருக்கும். இதுகூடத் தெரியாமயா பொண்ணு குடுத்தாங்க?" என்று மேலேயிருந்து அதட்டினான் நாச்சிமுத்து.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரே கூச்சல். "வந்திடுச்சு! பச்சையா இருக்குது! குதிக்குது!"

வாளி வாளியாக மேலே வந்தது. வேலாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தவளையாட்ட இருக்குதே?"

"உருளைக்கிழங்குச் சத்து. உருண்டையாத்தான் இருக்கும்," என்றான் நாச்சிமுத்து.

அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனாலும் பயம் போகவில்லை. "வேரோட நிக்கோணும்னு சொன்னாங்களே. இது நிக்கற ஜாதியாத் தெரியலையே!"

வழியையும் அவளே சொன்னாள். நாற்றுகளை மறுபடியும் பிடுங்கி, பூக்கட்டும் நாரால் ஒவ்வொரு சத்தையும் ஒவ்வொரு நாற்றின் வேரோடு சேர்த்துக் கட்டி நட்டார்கள். அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அதிகாரியம்மா வந்து கிணற்று நீரைச் சோதித்தாள். "கிணறு சுத்தமா இருக்கு. வாங்க, தோட்டத்தைப் பார்க்கலாம்."

போக வேண்டியிருக்கவில்லை. தோட்டமே வந்துகொண்டிருந்தது. வரிசை கலையாமல் கத்தரி நாற்றுகள் கிணற்றைப் பார்த்துத் தத்தித் தத்தி வந்தன.

வேலாத்தாள் ஓடிப்போய் அதிகாரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணியை நிறுத்திப் போடாதீங்கம்மா. நல்லாப் பாருங்க, சத்து வேரைத் தாண்டலீங்க. வேரையும் கூட்டிக்கிட்டுத்தானுங்க வருது!"