நாற்பத்து மூன்று ‘எனக்குத் தெரியும்’

நஞ்சப்பனுக்கு ஐம்பத்து நாலு வயதில் ஒரு குரு வாய்த்தார். குருவின் பெயர் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு.

குரு, சீடன் என்றெல்லாம் அந்த ஆபீஸில் யாரும் சொல்வதில்லை. அந்தம்மா ‘மேடம்’, இவர் ‘நஞ்சப்பண்ணா’. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் தொட்டில்களைச் செய்கிற சின்னக் கம்பெனி அது, கோயம்புத்தூரில். தொட்டிலுக்கு மேலே ஒரு ஹீட்டர், குழந்தையின் வயிற்றில் ஒட்ட ஒரு சென்சார், நடுவில் ஒரு சின்னச் சிப். சென்சார் சொல்வதைக் கேட்டு ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிற புரோகிராம் அந்தச் சிப்புக்குள் ஓடும். அதை சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவார்கள்.

இருபத்தாறு வருஷம் நஞ்சப்பன் அந்தத் தொட்டில்களுக்கு ரிப்பேர் பார்த்தவர். பொள்ளாச்சி, தாராபுரம், சத்தியமங்கலம் என்று ஸ்க்ரூடிரைவரும் கையுமாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். போன வருஷம் கம்பெனி சர்வீஸ் பிரிவை மூடியது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவர் மட்டும் “நான் புரோகிராம் எழுதக் கத்துக்கறேனுங்க” என்று முதலாளி முன்னால் போய் நின்றார். அந்த வயதில் அப்படிக் கேட்க ஒரு தைரியம் வேண்டும். ஆறு மாசம் பார்க்கலாம் என்றார்கள்.

ஆறாவது மாசத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அவர் தனியாக எழுதிய முதல் புரோகிராம் சாயந்தரத்துக்குள் ஜெசிந்தாவின் கையெழுத்தை வாங்கியாக வேண்டும். வாங்கிவிட்டால் திங்கட்கிழமை அது புதுத் தொட்டில்களில் ஏறும், நஞ்சப்பனின் நாற்காலியும் நிலைக்கும். வாங்காவிட்டால் திங்கட்கிழமை அவர் வரவே வேண்டியதில்லை.

குறுக்கே நின்றது கம்பைலர்.

நாம் எழுதியதைச் சிப்புக்குப் புரிகிற பாஷையில் மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. சும்மா மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகாது. சிப் ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வரி விடாமல் படித்து, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் மஞ்சள் எழுத்தில் ஒரு கேள்வி போடும். மற்ற ஆபீஸ்களில் அதைக் கொஞ்சம் கண்டும் காணாமலும் போகச் சொல்லி வைத்திருப்பார்கள். ஜெசிந்தா அதன் எல்லாக் கண்ணையும் திறந்து வைத்திருந்தார். வியாழக்கிழமை நஞ்சப்பனின் திரையில் நாற்பத்து மூன்று மஞ்சள் வரிகள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே ஒரே கேள்விதான். இந்த எண் மைனஸில் போகக்கூடும், இதைப் போட்டு வைக்கிற இடத்துக்கு மைனஸ் என்றால் என்னவென்றே தெரியாது, பரவாயில்லையா?

சுற்றிலும் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தன் திரை மட்டும் மஞ்சளாகக் கிடந்தது நஞ்சப்பனுக்கு மானக்கேடாக இருந்தது.

அந்தக் கேள்விகளின் வாயை அடைக்க ஒரு வழி உண்டு. சந்தேகப்பட்ட எண்ணுக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள் அது எந்த வகை எண் என்று நாமே எழுதிவிட்டால் போதும். காஸ்ட் என்பார்கள். ‘எனக்குத் தெரியும், நீ சும்மா இரு’ என்று அதற்குப் பொருள். கம்பைலர் மரியாதை தெரிந்தது. அப்படிச் சொன்னால் மறுபேச்சுப் பேசாது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மஞ்சள் வரிகூட இல்லை.

மத்தியானம் ஜெசிந்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராமை முதலிலிருந்து கடைசி வரை படித்தார்.

“ரொம்ப சுத்தமா இருக்குதுங்ணா.”

“ஆமாங்க மேடம்.”

“நேத்து நாப்பத்தி மூணு இருந்துச்சு.”

“எல்லாம் சரி பண்ணிட்டேனுங்க.”

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா மேடம்? இருபத்தாறு வருசம் இந்தத் தொட்டிலோடயே பொழங்கியிருக்கேன். ஏனுங்க இந்தக் கம்பைலர் என்னைய நம்பவே மாட்டேங்குது?”

கேட்ட பிறகுதான் தன் குரலில் இருந்த அழுகை அவருக்கே கேட்டது. வெட்கமாகப் போய்விட்டது.

“ஒரு டீ குடிக்கலாங்ணா” என்றார் ஜெசிந்தா.

அவரே கேன்டீனுக்குப் போய் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் வாங்கி வந்தார். நஞ்சப்பன் ஊதி ஊதிக் குடித்தார். ஜெசிந்தா குடிக்கவில்லை. டம்ளரை வலது உள்ளங்கையில் இறுகப் பிடித்துக்கொண்டே டெஸ்டிங் ரூமுக்கு நடந்தார்.

“சுடுதுங்களே மேடம்.”

“சுடட்டும்.”

டெஸ்டிங் ரூமில் ஒரு தொட்டில் எப்போதும் கரன்ட்டில் இருக்கும். மூன்று நாளாக அதில் குழந்தைக்குப் பதிலாக ஒரு தண்ணீர்ப் பை படுத்திருந்தது. ஜெசிந்தா பையை எடுத்துக் கீழே வைத்தார்.

“அதுலயே ஓட்டிப் பாத்துட்டேனுங்களே. ஒரு தப்பும் வரலீங்க.”

“பை எப்பவும் வேண்டிய சூட்டுக்குக் கீழேயேதானுங்ணா இருந்துச்சு?”

“ஆமாங்க. அதைச் சூடு பண்ணத்தானுங்களே தொட்டிலே இருக்குது.”

“சரி. உங்க புரோகிராமைப் போடுங்க.”

அவர் போடுவதற்குள் ஜெசிந்தா டம்ளரை ஓரமாக வைத்தார். உள்ளங்கையில் சென்சாரை வைத்து டேப் ஒட்டினார். பிறகு அந்தக் கையை, மல்லாந்தபடி, மெத்தையின் நடுவில் வைத்தார். அவ்வளவு பெரிய மெத்தையில் அந்தக் கை சின்னதாகத் தெரிந்தது.

தொட்டிலில் வைத்திருந்த அளவு முப்பத்தாறரை டிகிரி. டீ டம்ளரைப் பிடித்திருந்த கை முப்பத்தேழு புள்ளி இரண்டு காட்டியது. வேண்டியதைவிடச் சூடு கூடுதல். ஹீட்டர் அணைந்து கிடக்க வேண்டும்.

ஹீட்டர் செவசெவவென்று பழுத்தது.

ஏதாவது லூஸ் கனெக்‌ஷனாக இருக்கும் என்றுதான் நஞ்சப்பனுக்கு முதலில் தோன்றியது. இருபத்தாறு வருஷப் பழக்கம். ஒயரைத் தொடப் போனவர், திரையைப் பார்த்துவிட்டு நின்றார். இன்னும் எவ்வளவு சூடு தேவை என்று காட்டுகிற கட்டத்தில் 65529 என்று இருந்தது.

பழைய ஸ்கூட்டரின் மீட்டரைச் சைபரிலிருந்து ஒரு கிலோமீட்டர் பின்னால் உருட்டினால் மைனஸ் ஒன்று காட்டாது, எல்லாக் கட்டத்திலும் ஒன்பது ஒன்பதாகக் காட்டும். மைனஸ் தெரியாத எண்ணும் அப்படித்தான். வேண்டிய சூட்டிலிருந்து இருக்கிற சூட்டைக் கழிக்கும்படி நஞ்சப்பன் எழுதியிருந்தார். மைனஸில் வந்தது. அந்தச் சிப்பில் மீட்டரின் கடைசி எண் 65535; மைனஸ் அங்கிருந்து பின்னால் உருண்டு அறுபத்தையாயிரத்துச் சொச்சமாக நின்றுவிட்டது. ஹீட்டர் பாவம், இவ்வளவு குளிரா என்று முழு மூச்சில் எரிந்தது.

“மேடம், கையை எடுங்க!”

ஜெசிந்தா எடுக்கவில்லை.

“உங்களுக்குத் தெரியும்னு எழுதியிருக்கீங்களே, நஞ்சப்பண்ணா.”

“எடுங்க மேடம், உங்களைக் கும்புடறேன்!”

கை இருந்த இடத்திலேயே இருந்தது. நஞ்சப்பன் குனிந்து பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார். ஹீட்டர் மெல்லக் கறுத்தது.

கூலரிலிருந்து தண்ணீர் பிடித்து, கைக்குட்டையை நனைத்து, ஓடி வந்து அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கை சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை. மேடத்தின் கையைப் பிடித்திருக்கிறோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. தன் மகளின் கையைப் பிடித்தது போலத்தான் பிடித்திருந்தார்.

“நான் சொன்னப்பவே எடுத்திருக்கலாமேங்க. வெந்து போயிருந்தா?”

“ரொம்பச் சுட்டா எடுத்திருப்பேனுங்ணா. எனக்குக் கையை எடுக்கத் தெரியும்.”

நஞ்சப்பனின் கை நின்றுவிட்டது.

எந்தக் குழந்தையின் உடம்பு முப்பத்தாறரையைத் தாண்டும்? காய்ச்சல் கண்ட குழந்தையின் உடம்பு. நன்றாக இருக்கிற குழந்தைகளை எல்லாம் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு, காய்ச்சலில் கிடக்கிற ஒன்றின் மேல் மட்டும் அந்த ஹீட்டர் பழுத்திருக்கும். திங்கட்கிழமை. தாராபுரத்தில், சத்தியமங்கலத்தில். விரல் நீளக் கால்களோடு அந்தக் குழந்தைகள் படுத்திருப்பதை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கூச்சமெல்லாம் அப்போது போய்விட்டது.

அழுகை ஓய்ந்த பிறகு ஜெசிந்தா கேட்டார்.

“சர்வீஸ்ல இருந்தப்ப, ரிப்பேர் முடிச்சதும் தொட்டிலை அப்படியே நர்ஸ் கையில குடுத்துடுவீங்களா?”

“இல்லீங்க. மெத்தை மேல பொறங்கையை வெச்சு அஞ்சு நிமிசம் பாப்பேனுங்க.”

“நீங்களே ரிப்பேர் பண்ணதுதான?”

“நானே பண்ணதுதானுங்க.”

“உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லீங்களா?”

“அய்யோ, நம்பிக்கைக்கு என்னங்க. உள்ள கொழந்தையில்லீங்களா படுக்கப் போகுது...”

சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

இரண்டு பேரும் மேஜைக்குத் திரும்பினார்கள். யாரும் சொல்லாமலே நஞ்சப்பன் தான் போட்ட அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்தார். கம்பைலரை ஓட்டினார். நாற்பத்து மூன்று மஞ்சள் வரிகளும் திரும்பி வந்து திரையில் நின்றன. பக்கத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவர் திரையை மறைக்கவில்லை.

“முதல் கேள்வி. இந்த எண் மைனஸ்ல போகாதுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?” என்றார் ஜெசிந்தா.

“போகாதுங்கன்னு நெனைக்கறேன்...”

“நெனைக்கறீங்களா, தெரியுங்களா?”

“தெரியாதுங்க மேடம்.”

“அடுத்தது?”

“அது தெரியுமுங்க. சென்சாரோட நம்பர் அது. ஒண்ணுல இருந்துதான் ஆரம்பிக்கும்.”

“அடுத்தது?”

“தெரியாதுங்க.”

முதல் சில தடவை அந்தச் சொல் முள் மாதிரி தொண்டையில் நின்றது. பத்தைத் தாண்டியதும் கொஞ்சம் இளகியது. இருபதாவது தடவை சொல்லும்போது, ஆறு மாசமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போனதாக அவருக்கு இருந்தது. முடிவில் ஏழுக்குத் தெரியும், முப்பத்தாறுக்குத் தெரியாது.

மணி ஐந்தரை. கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேஜையின் மேல் அப்படியே கிடந்தது.

நஞ்சப்பன் எழுந்தார். டிபன் பாக்ஸைப் பையில் வைத்தார். ஆபீஸில் கொடுத்த அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, கயிற்றைச் சுற்றி, அந்தத் தாளின் மேல் வைத்தார்.

“என்னால ஒரு கொழந்தைக்கு ஏதாச்சும் ஆகறதுக்கு முந்தி நீங்க பாத்துட்டீங்க. அது போதுமுங்க. நான் வாரேனுங்க மேடம்.”

ஜெசிந்தா போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை தொட்டில் எதுவும் போகாது, இன்னும் மூணு வாரம் ஆகும், யாரையாவது கேட்பதென்றால் தன்னைக் கேட்கச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் நஞ்சப்பன் வரைக்கும் கேட்டது. ஜெசிந்தா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, முடியும் வரை பொறுத்திருந்து, வைத்தார்.

“எனக்காக எதுக்குங்க மேடம் பேச்சு வாங்கறீங்க? எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலீங்களே.”

ஜெசிந்தா சிவந்திருந்த கையாலேயே பக்கத்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“தெரியாதுன்னு முப்பத்தாறு தடவை வாய்விட்டுச் சொன்ன ஆளு இந்த ஆபீஸ்லயே நீங்க ஒருத்தர்தானுங்ணா. உங்களை அனுப்பிச்சுட்டு, தொட்டிலை நான் யாரை நம்பிக் குடுக்கறது?”